பந்தியிலிருந்து எழுந்துபோன பேதுரு

சபைக்குள் சாதி இருக்கிறது என்று யாராவது வாய் திறந்தால், அடுத்த நிமிடமே ஒரு வசனம் வந்து விழும். கலாத்தியர் 3:28. இனம், அடிமைநிலை, பாலினம் என்ற மூன்று கோடுகளும் கிறிஸ்துவுக்குள் அழிந்துவிட்டன என்பது அதன் சாரம். சொல்பவர் வசனத்தைச் சொல்லி முடித்ததும் பேச்சும் முடிந்துவிடும். "வேதத்திலேயே இல்லை என்று இருக்கிறது, நீ ஏன் இல்லாததை இழுக்கிறாய்?" குமரி மாவட்டத்தில் ஒரு சாம்பவர் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த நான் இந்தக் கேள்வியைச் சபைக் கமிட்டியிலும் கேட்டிருக்கிறேன், கல்யாண வீட்டிலும் கேட்டிருக்கிறேன், கல்லறைத் தோட்டத்து வாசலிலும் கேட்டிருக்கிறேன்.

இதே வாதத்தை இந்திய அரசும் வைத்திருக்கிறது. கிறிஸ்தவத்தில் சாதி இல்லை, ஆகவே கிறிஸ்தவரான தலித்துக்குப் பட்டியல் சாதி உரிமை இல்லை. பிரசங்க பீடமும் டெல்லியும் ஒத்துப்போகிற விஷயங்கள் குறைவு. இதில் மட்டும் இரண்டுக்கும் ஒரே குரல். அதனால்தான் இந்த வசனத்தின் பொருளைப் பற்றி எழுதுகிறேன்.

இதைப் படிக்கும் தோழர்களில் பலர் கடவுள் மறுப்பாளர்கள் என்பது எனக்குத் தெரியும். நான் விசுவாசி. இந்தக் கட்டுரையைப் பின்தொடர நீங்கள் விசுவாசியாக வேண்டியதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி குமரி மாவட்டத்தில் நூற்றுக்கு 47 பேர் அளவில் கிறிஸ்தவர்கள். அத்தனை பேர் கையில் இருக்கும் ஒரு புத்தகத்தின் பொருளைத் தீர்மானிக்கும் உரிமையை ஆதிக்க சாதியினரிடம் விட்டுவிட்டு இங்கே சாதி ஒழிப்பு பேச முடியாது.

அந்தியோகியாவில் ஒரு பந்தி

கலாத்தியர் 3:28ஐ மனப்பாடமாகச் சொல்பவர்கள் அதற்கு முந்தைய அதிகாரத்தைச் சொல்வதில்லை. கலாத்தியர் 2:11 முதல் 14 வரை படித்துப் பாருங்கள். அங்கே ஒரு பந்தித் தகராறு இருக்கிறது.

அந்தியோகியாவில் யூதக் கிறிஸ்தவர்களும் யூதரல்லாத கிறிஸ்தவர்களும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டு வந்தார்கள். பேதுருவும் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டவர்தான். எருசலேமில் இருந்து யாக்கோபின் ஆட்கள் சிலர் வந்தார்கள். அவர்கள் வந்ததும் பேதுரு மெல்லப் பின்வாங்கினார். யார் என்ன சொல்வார்களோ என்ற பயம். அவரைப் பார்த்து மற்ற யூதர்களும் விலகினார்கள். பர்னபாவும் அந்தப் பக்கம் இழுபட்டுப் போனார். பவுல் இதை மறைவில் பேசித் தீர்க்கவில்லை. எல்லோர் முன்னிலையிலும் பேதுருவின் முகத்துக்கு நேராக எதிர்த்தார்.

இந்தக் காட்சி நமக்குப் புதிதா? 1924-25இல் சேரன்மாதேவி குருகுலத்தில் பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி போட்டதை எதிர்த்துப் பெரியாரும் வரதராஜுலுவும் போராடினார்கள். அங்கேயும் பிரச்சினை யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்பதுதான். அதற்கும் சுமார் 85 ஆண்டுகளுக்கு முன்னால், எங்கள் ஊர்ப் பக்கத்தில், சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் எல்லாச் சாதியாரையும் ஒரே கிணற்றில் குளிக்க வைத்து ஒன்றாக உண்ண வைத்தார். மதம் எதுவானாலும் சாதி முதலில் காவல் காப்பது சோற்றுப் பந்தியைத்தான். முதல் நூற்றாண்டில் பவுலுக்கும் இது தெரிந்திருந்தது.

பேதுருவுக்குக் கொள்கை தெரியாமல் இல்லை. அப்போஸ்தலர் நடபடிகள் 10ஆம் அதிகாரத்தில், தீட்டு என்று எதையும் யாரையும் சொல்லக்கூடாது என்ற தரிசனத்தைப் பெற்றவரே அவர்தான். கொர்நேலியு என்ற ரோமப் படை அதிகாரியின் வீட்டுக்குள் போனதற்காக எருசலேமில் விளக்கம் கேட்கப்பட்டு, பதில் சொல்லிவிட்டு வந்தவர். ஆக, தரிசனம் கண்டவரும் சொந்தக்காரர்கள் வந்து நின்றதும் இலையை விட்டு எழுந்திருக்கிறார்.

இந்தச் சண்டைக்குப் பிறகுதான் அதே கடிதத்தில் 3:28 வருகிறது. ஆகவே அது நிலைமை இப்படி இருக்கிறது என்று தரும் அறிக்கை ஆகாது. எழுந்து போனவர்களைப் பார்த்து, திரும்பி வந்து உட்காருங்கள் என்று இடும் கட்டளை அது. கோடு அழிந்துவிட்டது என்று பவுல் சொல்வது, கோட்டைப் போட்டுக்கொண்டிருப்பவர்களிடம். சாதி இல்லை என்று அதைச் சொல்லிப் புகார் கொடுத்தவனின் வாயை அடைப்பது பேதுருவின் பக்கம் நின்று பவுலைப் படிப்பதாகும்.

எங்கள் பக்கத்துச் சபைகளில் அசனம் உண்டு. பெரிய அண்டாக்களில் சோறு பொங்கி, சபையே சேர்ந்து உண்ணும் விருந்து. அழகான வழக்கம். ஆனால் எல்லா அசனத்திலும் ஒரு தூக்குவாளி வரிசை இருக்கும். வாளியில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர்கள். வயதானவர்கள், நோயாளிகள், கைக்குழந்தைக்காரர்கள் வாங்கிப் போவது நியாயம். கல்லு மாதிரி உடம்போடு இருக்கிறவர்களும் வாங்கிப் போகும்போது, எந்தப் பந்தியில் யார் பக்கத்தில் உட்கார நேருமோ என்று யோசித்தார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். அவர்களுக்கும் தெரியும். ஆயருக்கும் தெரியும். அந்தத் தூக்குவாளிதான் எங்கள் ஊரின் அந்தியோகியா.

கொரிந்து சபையிலும் இதே நோய் இருந்தது. வசதியுள்ளவர்கள் முந்திச் சாப்பிட்டார்கள், இல்லாதவர்கள் பசியோடு நின்றார்கள். 1 கொரிந்தியர் 11இல் பவுல் அதைப் பார்த்து, நீங்கள் உண்பது ஆண்டவருடைய விருந்தே கிடையாது என்ற பொருளில் எழுதுகிறார். அப்பமும் ரசமும் இருந்தாலும், ஆயர் ஜெபித்தாலும், பந்தி சமமாக இல்லையென்றால் அது திருவிருந்து ஆகாது. இந்த வசனப் பகுதி எங்கள் ஆலயங்களில் ஒவ்வொரு திருவிருந்து ஆராதனையிலும் அருகில் வந்து போகிறது. அதற்கு முந்திய இந்த ஆறேழு வசனங்களை வைத்து ஒரு பிரசங்கம் கேட்ட நினைவு எனக்கு இல்லை.

ஊழியம் என்ற சொல்

வசனம் ஒன்றுதான். அதைக் கேட்கும் காது எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்து அதன் பொருள் திறக்கிறது. இதற்கு நாஞ்சில் நாட்டின் வரலாற்றிலேயே ஆதாரம் இருக்கிறது.

இன்று தமிழ்க் கிறிஸ்தவர்களின் வாயில் ஊழியம் என்றால் இறைப்பணி. ஊழியக்காரர் என்றால் மரியாதைக்குரியவர், முன்வரிசையில் நாற்காலி போடப்படுபவர். ஆனால் பழைய திருவிதாங்கூரில் ஊழியம் என்பது கூலியில்லாக் கட்டாய வேலை. அரசுக்கும் கோவிலுக்கும் சுமை தூக்க வேண்டும், கூப்பிட்ட நேரத்தில் போக வேண்டும், வயிற்றுக்குக் கேட்கக்கூடாது. நாடார்களும் சாம்பவர்களும் மற்ற ஒடுக்கப்பட்ட சாதியினரும் அந்தச் சொல்லைத் தலையில் சுமந்தவர்கள்.

இப்போது ஓய்வுநாள் கட்டளைக்கு வருவோம். பத்துக் கட்டளைகள் வேதத்தில் இரண்டு இடங்களில் வருகின்றன. யாத்திராகமம் 20இல் ஓய்வுநாளுக்குச் சொல்லப்படும் காரணம், கடவுள் உலகைப் படைத்து ஏழாம் நாள் ஓய்ந்தார் என்பது. உபாகமம் 5இல் காரணம் வேறு. நீ எகிப்தில் அடிமையாக இருந்தாய், அதை மறக்காதே. உன் வீட்டு வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப் போலவே இளைப்பாற வேண்டும் என்கிறது. முதலாவது வானத்தைப் பார்த்துச் சொல்லப்பட்டது. இரண்டாவது முதலாளியைப் பார்த்துச் சொல்லப்பட்டது. அது ஒரு தொழிலாளர் சட்டம்.

1806இல் ரிங்கல்தௌபே என்ற ஜெர்மன் மிஷனரி மயிலாடிக்கு வந்தார். அவர் வருவதற்கு முன்பே அங்கே சுவிசேஷம் வந்துவிட்டது. கொண்டு வந்தவர் மயிலாடியைச் சேர்ந்த மகாராசன் என்ற சாம்பவர். சிதம்பரத்துக்கு யாத்திரை போனவர், தஞ்சாவூரில் கிறிஸ்தவச் செய்தியைக் கேட்டு, ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கமாகத் திரும்பினார். 1809இல் மயிலாடியில் ஆலயம் எழுந்தது. 1816இல் ரிங்கல்தௌபே புறப்பட்டுப் போன பிறகு, அடுத்த மிஷனரி வரும்வரை சபைகளைத் தாங்கியவர் வேதமாணிக்கம்தான். குமரி மாவட்டச் சீர்திருத்தக் கிறிஸ்தவத்தின் முதல் தலைவர் ஒரு தலித். இன்று எத்தனை சபைகளின் ஆண்டுவிழா மேடையில் இது சொல்லப்படுகிறது என்று யோசித்துப் பாருங்கள்.

அந்தக் காலத்தில் ரெசிடெண்டாக இருந்த கர்னல் மன்றோவிடம் மிஷனரிகள் முறையிட்டு, கிறிஸ்தவர்களை ஞாயிற்றுக்கிழமைகளில் ஊழிய வேலைக்குக் கூப்பிடக்கூடாது, கோவில் ஊழியத்துக்கும் கூப்பிடக்கூடாது என்ற விலக்கைப் பெற்றார்கள். இது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஆறு நாளும் சுமை. ஏழாம் நாள் ஆள் கூப்பிட வருகிறான். "இன்னிக்கு வரமாட்டேன்" என்று சொல்ல முடிகிறது. தலைமுறை தலைமுறையாகச் சொல்ல முடியாத சொல் அது. ஓய்வுநாள் கட்டளையை ஐரோப்பியன் பக்தியாகப் படித்திருக்கலாம். எங்கள் முன்னோர் அதை விடுமுறையாகப் படித்தார்கள். அவர்கள்தான் உபாகமத்தைச் சரியாகப் படித்தவர்கள்.

இன்று அதே கட்டளை, கோவிலுக்கு ஒழுங்காக வா என்று சுருங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் நாம் ஆலயத்தில் பாடிக்கொண்டிருக்கும்போது, நம் வீட்டில் பாத்திரம் கழுவும் அக்காவுக்கு விடுமுறை உண்டா? மதியத்துக்குக் கோழி வெட்டி மசாலா அரைத்து வைப்பது யார்? ஆலயத்துக் கழிப்பறையைச் சனிக்கிழமை இரவு கழுவுவது எந்தச் சாதிக்காரர்? உபாகமம் 5:14 நம்மைக் கேட்கும் கேள்விகள் இவை.

தோள்சீலைப் போராட்டத்தையும் இதோடு சேர்த்தே பார்க்க வேண்டும். ஆதியாகமம் 3:21இல் கடவுள் ஆதாமுக்கும் ஏவாளுக்கும் தாமே உடை செய்து உடுத்துகிறார். எங்கள் பாட்டிகளின் பாட்டிகள் குப்பாயம் போட்டபோது அடி வாங்கினார்கள், துணி கிழிக்கப்பட்டது, 1858-59இல் ஆலயங்களும் பள்ளிக்கூடங்களும் எரிக்கப்பட்டன. 1859 ஜூலை 26 அன்று வந்த ஆணையும் முழு விடுதலையாக வரவில்லை. நாடார் பெண்கள் குப்பாயம் போடலாம், முக்குவப் பெண்களைப் போல முரட்டுத் துணி சுற்றிக்கொள்ளலாம், ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக்கூடாது. உடலை மறைக்க அனுமதித்த அரசு, சாதி அடையாளத்தை மறைக்க அனுமதிக்கவில்லை.

ஒரே கடிதத்தில் சுவரும் விலங்கும்

வேதம் முழுவதும் நம் பக்கம்தான் என்று நான் சொல்லமாட்டேன். எபேசியர் 6:5 அடிமைகளை எஜமானுக்குக் கீழ்ப்படியச் சொல்கிறது. கொலோசெயர் 3:22 அதையே சொல்கிறது. 1 பேதுரு 2:18 கொடுமையான எஜமானுக்கும் அடங்கச் சொல்கிறது. உலகம் முழுவதும் அடிமை வைத்திருந்தவர்களுக்கு இந்த வசனங்கள் பிடித்தமானவை. நாஞ்சில் நாட்டின் வயல்களில் புலையர்களும் பறையர்களும் நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்ட அடிமைகள். திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855இல்தான்.

ஆச்சரியம் என்னவென்றால், அடிமையைக் கீழ்ப்படியச் சொல்லும் அதே எபேசியர் கடிதத்தின் 2ஆம் அதிகாரம் 14ஆம் வசனம், இரண்டு சனங்களுக்கு நடுவே நின்ற பிரிவினைச் சுவரைக் கிறிஸ்து இடித்துப்போட்டார் என்கிறது. ஒரே கடிதத்தில் சுவரை இடிக்கும் கையும் இருக்கிறது, விலங்கை மாட்டும் கையும் இருக்கிறது. எந்தக் கையைப் பிடிப்பது?

1847இல் திருவிதாங்கூர் மிஷனரிகள் அடிமைகளை விடுவிக்கக் கோரி மகாராஜாவுக்கு மனுக் கொடுத்தார்கள். அவர்கள் ஒரு கையைப் பிடித்தார்கள். எங்கள் மாவட்ட எல்லையைத் தாண்டினால் வரும் வடக்கன்குளத்தில், கத்தோலிக்க வேளாளர்களும் நாடார்களும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் ஒரே பீடத்தை மட்டும் பார்க்கும்படி, கால்சட்டை போல இரண்டாகப் பிரிந்த ஆலயம் கட்டப்பட்டது. நடுவில் சுவர். 1910இல் திருச்சபை அந்தச் சுவரை இடித்தது. இடித்ததை எதிர்த்து வேளாளக் கிறிஸ்தவர்கள் நீதிமன்றம் போனார்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. எபேசியர் 2:14 ஒவ்வொரு ஆண்டும் வாசிக்கப்பட்டிருக்கும் ஒரு ஆலயத்தில், சுவரைத் திரும்பக் கட்டித் தரச் சொல்லி வழக்கு!

தேர்ந்தெடுத்துப் படிப்பது வேத துரோகம் என்று சிலர் சொல்வார்கள். இயேசுவே தேர்ந்தெடுத்துத்தான் படித்தார். லூக்கா 4இல் நாசரேத்து ஜெப ஆலயத்தில் ஏசாயாவின் சுருளை வாங்கி வாசிக்கிறார். ஏழைக்கு நற்செய்தி, சிறைப்பட்டவருக்கு விடுதலை, நொறுக்கப்பட்டவருக்கு விடிவு என்று வாசித்து வருகிறவர், ஏசாயா 61:2இன் நடுவில், கடவுளின் பழிவாங்கும் நாளைப் பற்றிய பகுதி வரும் முன்பே சுருளை மூடிவிடுகிறார். வசனத்தின் பாதியில் நிறுத்த அவருக்குத் தெரிந்திருந்தது. ஒடுக்கப்பட்டவரை விடுவிப்பதே அவர் வைத்திருந்த அளவுகோல்.

அதற்குப் பிறகு நடந்ததையும் கவனியுங்கள். வாசித்து முடித்தபோது ஊரே அவரைப் பாராட்டியது. அடுத்து அவர், எலியா காலத்தில் உதவி பெற்றது சாறிபாத்தைச் சேர்ந்த அந்நிய விதவை, எலிசா காலத்தில் சுகம் பெற்றது சீரியாக்காரனான நாகமான் என்று சொன்னார். அவ்வளவுதான். ஜெப ஆலயத்தில் இருந்த எல்லோரும் கோபம் கொண்டு அவரை மலை உச்சியிலிருந்து தள்ளிவிடப் போனார்கள். அன்பைப் பற்றிப் பேசும்வரை எந்தச் சபையும் பிரசங்கியாரைத் தள்ளிவிடாது. உன் சாதிக்கு முன்னுரிமை கிடையாது என்று சொல்லிப் பார்க்க வேண்டும்.

சார்லஸ் மீட் அதைச் செய்து பார்த்தவர். நாகர்கோவிலின் பெரிய கற்கோவிலுக்கு 1819இல் அடிக்கல் நாட்டியவர், பள்ளிக்கூடமும் அச்சகமும் தந்தவர். 1850களின் தொடக்கத்தில் பறையர் சமூகத்திலிருந்து வந்த கிறிஸ்தவப் பெண்ணான லோயிசை மணந்தார். முப்பது ஆண்டுக்கு மேல் உழைத்த மிஷனிலிருந்து அவர் விலக நேர்ந்தது. சுவர் இடிந்தது என்று பிரசங்கிப்பது பணியாக ஏற்கப்பட்டது. இடிந்த சுவரைத் தாண்டி நடந்தது ஏற்கப்படவில்லை.

லாசருவின் பெயர்

லூக்கா 16இல் இயேசு ஒரு கதை சொல்கிறார். பணக்காரன் ஒருவன், அவன் வாசலில் புண்களோடு கிடந்த லாசரு. இயேசு சொன்ன உவமைகளில் பெயர் உள்ள ஏழை இவன் ஒருவன்தான். பணக்காரனுக்குப் பெயர் இல்லை. நம் ஊரின் நிலப் பதிவேடுகளில் இது தலைகீழாக இருக்கும். அங்கே பண்ணையாருக்குப் பெயரும் பட்டமும் இருக்கும். உழுதவனுக்குத் தலைக்கணக்கு மட்டுமே இருக்கும்.

இந்தக் கதையை ஏழைக்குப் பரலோகம் உண்டு என்ற ஆறுதலாகவே கேட்டு வளர்ந்தோம். கொஞ்சம் நிதானமாகப் படித்தால் வேறொன்று தெரியும். செத்த பிறகு பணக்காரன் தீயில் கிடக்கிறான். லாசரு ஆபிரகாமின் மடியில் இருக்கிறான். அப்போதும் பணக்காரன் லாசருவிடம் பேசுவதில்லை. ஆபிரகாமிடம் பேசுகிறான்: லாசருவை அனுப்பும், விரலைத் தண்ணீரில் நனைத்து வந்து என் நாக்கைக் குளிர வைக்கட்டும். அது முடியாது என்றதும், லாசருவை என் அண்ணன் தம்பிமார் வீட்டுக்கு அனுப்பும் என்கிறான். நரகத்தில் கிடந்தும் அவன் கண்ணுக்கு லாசரு ஏவல் ஆள்தான். வாழ்க்கையில் எல்லாம் போன பிறகும் போகாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒன்று உண்டு. அதற்குத் தமிழில் சாதித் திமிர் என்று பெயர்.

லாசரு என்ற பெயருக்குக் கடவுள் துணை என்று பொருள். அதைத் தமிழில் வைத்துக்கொண்டவர்தான் தேவசகாயம். 1712இல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்ட பிள்ளை, மார்த்தாண்ட வர்மாவின் அரண்மனை அலுவலர். 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். எல்லாச் சாதியாரோடும் சமமாகப் பழகினார் என்பது அவரைப் பற்றி இங்கே சொல்லப்படும் வரலாற்றின் முக்கியப் பகுதி. 1752இல் ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

அறிவிப்புக்கு முன்னால் ஒரு வாதம் நடந்தது. பிள்ளை என்ற சாதிப் பெயரோடு ஒருவரைப் புனிதராக்குவதா என்று எதிர்ப்பு எழுந்தது. வத்திக்கான் அந்தப் பின்னொட்டை நீக்கியது. நீக்கியது வரலாற்றைத் திரிப்பது என்று குமுறியவர்களும் உண்டு. நான் நீக்கியதின் பக்கம் நிற்கிறேன். ஞானஸ்நானத்தில் அவர் விட்டுவிட்டு வந்த பெயர் அது. ஏழையின் பெயரைத் தன் பெயராக ஏற்றுக்கொண்டவரின் வாலில், இரண்டரை நூற்றாண்டு கழித்து வாசல்காரப் பணக்காரனின் பட்டத்தைக் கட்டுவானேன்?

ஆனால் பீடத்தில் இருக்கும் புனிதரின் சாதிப் பெயரை எடுப்பது எளிது. ஞாயிற்றுக்கிழமை நாளிதழின் மணமகள் தேவைப் பக்கத்தைப் பாருங்கள். கிறிஸ்தவம் என்ற சொல்லுக்கு முன்னோ பின்னோ சாதி ஒட்டிக்கொண்டுதான் நிற்கிறது. மறுபடியும் பிறந்தவர்கள், இரட்சிக்கப்பட்டவர்கள், அந்நிய பாஷை பேசுபவர்கள் எல்லோரும் அந்தப் பக்கத்தில் அவரவர் சாதிக்குள்ளேயே மறுபடியும் பிறக்கிறார்கள்.

அரசு சொல்லும் வசனம்

1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாத எவரும் பட்டியல் சாதியாக மாட்டார் என்றது. 1956இல் சீக்கியர்களும், 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் வெளியே நிற்கிறார்கள். 1985இல் சென்னையில் நடைபாதையில் செருப்புத் தைத்துக்கொண்டிருந்த சூசை என்ற ஆதிதிராவிடக் கிறிஸ்தவரின் வழக்கில், மதம் மாறிய பிறகும் அதே அளவு ஒடுக்குமுறை தொடர்வதற்குச் சான்று போதவில்லை என்றது உச்ச நீதிமன்றம். செருப்புத் தைக்கும் கையே சான்றாகப் போதவில்லை.

2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மூன்றாம் பத்தியையே நீக்கச் சொன்னது. நடக்கவில்லை. 2022 அக்டோபரில் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் அமைக்கப்பட்டது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தலித் கிறிஸ்தவர்களைச் சேர்க்கக் கோரித் தீர்மானம் போட்டது. 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், கிறிஸ்தவராக வாழ்ந்துகொண்டு வேலைக்காக இந்து என்று சொல்வது அரசமைப்பின் மீதான மோசடி என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

தோழர்களே, இந்த மோசடியை யார் உண்டாக்கினார்கள்? 2011 கணக்கின்படி குமரி மாவட்டத்தில் பட்டியல் சாதியினர் நூற்றுக்கு 4 பேர் அளவில்தான். தமிழ்நாட்டில் 20 பேர். இந்த மாவட்டத்தில் ஆலயப் பதிவேட்டில் பெயர் உள்ள சாம்பவர்கள் அந்தக் கணக்கில் வருவதில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அவர்களுக்குத் துணை வராது. தனித்தொகுதியில் நிற்க முடியாது. உள்ளாட்சி ஒதுக்கீடு கிடையாது. ஆகவே பல வீடுகளில் பிள்ளைக்கு இரண்டு பெயர். பள்ளிச் சான்றிதழில் ஒன்று, ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒன்று. இயேசுவிடம் ஒரு பெயரும் தாசில்தாரிடம் ஒரு பெயரும் சொல்லி வாழ வேண்டிய நிலையை உண்டாக்கியது மூன்றாம் பத்தி. அதை உடுத்திக்கொண்டு நிற்பவனை மோசடிக்காரன் என்பது, சட்டையைப் பிடுங்கிக்கொண்டு நிர்வாணத்துக்கு அபராதம் போடுவது போல.

மதம் மாறிய தீண்டப்படாதோர் திருச்சபைக்குள்ளும் சாதியிலிருந்து விடுபடவில்லை என்று அம்பேத்கர் அன்றே எழுதினார். அவர் சொன்னது சரி என்று ஒப்புக்கொள்ளும் திருச்சபைதான் டெல்லியிடம் போய் நியாயம் கேட்க முடியும். மேடையில் எங்களுக்குள் சாதி இல்லை, மனுவில் எங்கள் தலித்துகள் ஒடுக்கப்படுகிறார்கள் என்று இரண்டு நாக்கில் பேசினால், எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு வேலையே இல்லை. கலாத்தியர் 3:28ஐத் திரையாகப் பயன்படுத்தும் ஒவ்வொரு பிரசங்கமும் மூன்றாம் பத்திக்கு ஆதரவான ஒரு சாட்சியம்.

என்ன செய்யலாம்

சபைகளில் இருக்கும் இளைஞர்களுக்குச் சில எளிய வேலைகள் சொல்கிறேன். உங்கள் சபையின் கல்லறைத் தோட்டத்துக்குப் போய், எந்தச் சாதி எந்த மூலையில் கிடக்கிறது என்று பாருங்கள். திருச்சபை நடத்தும் பள்ளி, கல்லூரி, மருத்துவமனைகளில் கடந்த பத்தாண்டு நியமனங்களில் தலித் கிறிஸ்தவர் எத்தனை பேர், அதில் ஆசிரியர் எத்தனை, துப்புரவுப் பணியாளர் எத்தனை என்று கமிட்டியில் எழுத்தில் கேளுங்கள். வேதமாணிக்கத்தின் பெயரை ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குச் சாதியோடு சேர்த்தே சொல்லிக்கொடுங்கள். அசனத்தில் வாளியை வீட்டில் வைத்துவிட்டு வந்து, தெரியாதவர் பக்கத்தில் உட்காருங்கள். கலாத்தியர் 3:28ஐ யார் சொன்னாலும், 2:11லிருந்து வாசிக்கச் சொல்லுங்கள்.

சபைக்கு வெளியே இருக்கும் தோழர்களிடம் ஒரு வேண்டுகோள். மதம் மாறியும் சாதி போகவில்லையே என்று எங்களைப் பார்த்துச் சிரிப்பது எளிது. மூன்றாம் பத்தி நீங்க வேண்டும் என்ற கோரிக்கை ஒரு மதத்தின் சலுகைக் கோரிக்கை என்று ஒதுக்காதீர்கள். ஒரு மனிதர் எந்தக் கடவுளைக் கும்பிட்டால் அவருக்குச் சட்டப் பாதுகாப்பு என்பதை அரசு தீர்மானிக்கிறது. கடவுள் மறுப்பாளர்களுக்கு இதைவிட நேரடியான பிரச்சினை வேறு என்ன இருக்க முடியும்?

பவுல் எதிர்த்துப் பேசிய பிறகு பேதுரு திரும்பி வந்து அந்தப் பந்தியில் உட்கார்ந்தாரா என்று கலாத்தியர் கடிதம் சொல்லவில்லை. பேதுரு பதில் பேசியதாகவும் இல்லை. அந்தியோகியாவில் பாதி உண்ட இலைகளோடு காத்திருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்றும் தெரியாது. நாஞ்சில் நாட்டில் அப்படிக் காத்திருப்பவர்கள் யார் என்று எனக்குத் தெரியும். மயிலாடியில் வேதமாணிக்கம் போட்ட பந்தி அது. இருநூறு ஆண்டுகளாக இலை போட்டபடியே இருக்கிறது. எழுந்து போனவர்கள்தான் திரும்பி வர வேண்டும்.